பின்னால் நிற்கிறவள்

மாதத்தில் ஒரு நாள் அவள் செத்துப்போவாள். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டாள். காலையில் பால் வந்து இறங்குகிற நேரத்தில், மீனாட்சிபுரத்துப் பக்கம் இருக்கும் எங்கள் பால் சொசைட்டியின் பின்னறைக்குள் வருவாள். கைப்பேசியை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைப்பாள். "இன்னைக்கு நான் இல்லக்கா" என்பாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை எதைக் கேட்டாலும் பதில் வராது. நாற்காலியில் உட்கார்ந்துதான் இருப்பாள், கண்ணும் திறந்துதான் இருக்கும். டீ கொண்டுவருகிறவர் அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்கு டம்ளரை நீட்டவேண்டும். மறந்துபோய் அவள் முன்னால் ஒன்று வைத்துவிட்டால், அது ஆடை கட்டி ஆறி அங்கேயே கிடக்கும்.

முதல் தடவை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்த சொசைட்டியின் செக்ரட்டரி, அவள் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவள். புருஷன் போனபின் இரண்டு மாட்டையும் இந்த உத்தியோகத்தையும் வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள். யார் என்ன கேட்டாலும் சுள்ளென்று விழுந்தே பழக்கம். "ஏம்மிணி, உசுரோட இருக்கறவ செத்தாச்சுன்னு உக்காந்தா வெளங்குமா? எந்திரி! அந்த ஸ்கிரீன் ஏன் செவப்பாக் கெடக்குதுன்னு சொல்லு" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

சாயந்திரம் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல முகம் கழுவிவிட்டு வந்தாள். "ஸ்கிரீன் செவப்பானா என்ன செய்யணும்னு சுவத்துல ஒட்டியிருக்கேன்லா? நீங்க சுவத்தப் பாக்கல, என்னையவே பாத்தீங்க. நாளைக்கு நான் இல்லாமப் போனா பால் என்னக்கா ஆகும்?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றேன். சிரித்தாள். சிரித்தால் அவ்வளவு அழகாக இருப்பாள், பாவி.

அவள் இடுக்கி எஸ்டேட்டுக்காரி. தேயிலைக்காட்டுக் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, கல்யாணமாகி, புருஷன் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபின், கைக்குழந்தையோடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவள். மலையில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை. பேச்சில் எங்கள் 'ஏனுங்க, சரிங்க' கிடையாது, தெற்கத்திப் பேச்சு. என் வீட்டுக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தாள்.

எங்கள் சுற்றுவட்டாரத்து சொசைட்டிகள் சில சேர்ந்து ஒரு வெப்சைட் வைத்திருந்தோம். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஏறினால்தான் சீட்டு வரும். சீட்டு வந்தால்தான் பாலைத் தொட்டிக்குள் ஊற்றலாம். அந்த வெப்சைட்டின் டேட்டாபேஸ் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. அது படுத்துக்கொண்டால் எல்லா ஊரும் படுத்துக்கொள்ளும். "ஏனுங்க செக்ரட்டரியம்மா, செர்வர் நின்னுபோச்சுன்னு நீங்க சொல்றீங்க. அதுக்காக எம்மாடு பாலை மடியிலயே வச்சுக்குமா?" என்று சைக்கிளில் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் கேட்பார்கள். என்னத்தைச் சொல்வது? எங்கள் ஊர் வெயிலில் பால் எவ்வளவு நேரம் தாங்கும்? திரிந்த பாலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். நிற்காமல் ஓட ஏற்பாடு செய்கிறோம் என்று வந்த பெரிய கம்பெனிக்காரர்கள் சொன்ன விலையைக் கேட்டு எங்கள் பிரசிடெண்ட் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்.

அவள்தான் அதைக் காய்கறி வாங்குகிற செலவில் செய்து காட்டினாள். முதலமடையில் மூடிப்போன ஒரு மாங்காய்க் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டைப் பேரம் பேசித் தூக்கி வந்தாள். ஒன்று எங்கள் பின்னறையில், இன்னொன்று நல்லேப்பிள்ளி சொசைட்டியில். இரண்டுக்கும் லாரி பேட்டரி. சாப்ட்வேர் இனாமாகக் கிடைப்பது. இங்கே ஒரு சொட்டுப் பால் ஏறினால் அந்த நிமிஷமே அங்கேயும் ஏறும். ஒன்று முன்னால் நிற்கும், மற்றது பின்னால் நிற்கும். முன்னால் நிற்பது விழுந்தால் பின்னால் நிற்பது தானாக முன்னால் வரும். சீட்டுப் போடுகிறவர்களுக்கு எதுவும் தெரியாது, அவர்களுக்கு ஒரே விலாசம்தான். "வெலாசம் மாறாதுக்கா. வெலாசத்துக்குப் பின்னால இருக்கவ மாறுவா" என்பாள். இரண்டும் நாள் முழுக்க ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்குமாம், இருக்கியா, இருக்கேன், இருக்கியா, இருக்கேன் என்று. அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அது நினைவு வந்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

ஒத்தை என்றால் அவளுக்கு ஆகாது. கைப்பையில் இரண்டு குடை இருக்கும். வீட்டுச் சாவி இரண்டில் ஒன்று எப்போதும் என்னிடம். ஆனால் இரண்டு இருந்தால் போதும் என்றும் நம்பமாட்டாள். "ஒண்ணக் கொன்னு பாத்தாத்தான் ரெண்டாவது உசுரோட இருக்கான்னு தெரியும்" என்பாள். சொன்னதோடு விடமாட்டாள். பால் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, முன்னால் நிற்கிற கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்குவாள். நான் பதறி எழுந்திருப்பதற்குள் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும்: "முன்னால நின்னவ போயிட்டா. பின்னால நின்னவ ஏத்துக்கிட்டா. பயப்படாதீங்க." வெளியே சீட்டு வந்துகொண்டே இருக்கும். வரிசையில் ஒருவர்கூடத் தலைநிமிர மாட்டார்.

அந்தச் செய்தியை எழுதி வைத்தவள் அவள்தான். இப்போதும் மழைக்காலத்தில் கரண்டு போய் பேட்டரியும் இறங்கினால் வருகிறது, அதே வார்த்தைகள், அதே 'பயப்படாதீங்க'. அவள் மண்ணுக்குள் போனபின் பார்த்துக்கொள்ள வந்த பையன், "மாத்தி நல்லா இங்கிலீஷ்ல வச்சுரட்டுங்களா?" என்று கேட்டான். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன்.

ஒரு தடவைதான் அவள் கணக்குத் தப்பியது. நல்லேப்பிள்ளிப் பக்கம் ரோட்டுக்குத் தோண்டினவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். இரண்டு கம்ப்யூட்டருமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இது கேட்டால் அது பதில் சொல்லவில்லை, அது கேட்டால் இது பதில் சொல்லவில்லை. எதிராளி செத்துவிட்டது என்று முடிவுகட்டி இரண்டும் முன்னால் வந்து நின்றுவிட்டன. பாதி ஊர்ப் பால் இதில் ஏறியது, பாதி ஊர்ப் பால் அதில் ஏறியது. கேபிளை ஒட்டவைத்தபோது நான்தான் நான்தான் என்று இரண்டும் நின்றன. ஒரே சீட்டு நம்பரில் இரண்டு பேருடைய பால். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை, ஒன்றின் காலைப்பொழுதை அழித்தே ஆகவேண்டும். திரையைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். "ரெண்டும் நெசந்தானக்கா. எத அழிக்க?" எங்களுடையதை அழித்தாள். பிறகு எல்லார் சீட்டையும் வாங்கி வந்து உட்கார்ந்து திரும்ப அடித்து முடித்தாள்.

அதற்குப் பிறகு மூன்றாவதாக உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டி வாங்கி, தன் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் பால் கணக்கு ஒன்றும் கிடையாது. இவர்கள் இரண்டு பேரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சாட்சி சொல்வது மட்டுமே அதன் வேலை. கூடவே ஒரு சட்டமும் போட்டாள். போனவள் திரும்பி வந்தால் முன்னால் நிற்கக் கேட்கக் கூடாது. தன்னிடம் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, இப்போது முன்னால் நிற்கிறவளிடமிருந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டு, பின்னால்தான் நிற்கவேண்டும். கம்ப்யூட்டருக்குப் போட்ட சட்டம் என்றுதான் நான் நினைத்தேன்.

அவளுக்கு ரத்தத்தில் ஒரு வியாதி. மலையிலிருந்து வரும்போதே அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். கைக்குழந்தையாக வந்த பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சமயம், மழை ஓய்ந்த ஒரு பகலில், பின்னறையில் சிக்கலாகிக் கிடந்த வயர்களைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "எக்கா, எம்புள்ளைக்கு நான் ஒத்தை ஆளு. ரெண்டாவது ஆளா நீங்க நிப்பீங்களா?"

"நிக்காம?" என்றேன். அதைவிட வேறென்ன சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து போன் வரும். "இன்னைக்குப் பாப்பா தயிர்ச்சோறு வேணாம்னுட்டா. கணக்கு டீச்சரப் பாத்தாப் பயம்ங்கா. எடது காது குத்துதாம், எண்ணெய் விடாதீங்க, டாக்டர் வேணாம்னாரு." மாட்டுக்குத் தீவனம் வைக்கிற நேரமாக இருக்கும். "நாளைக்குச் சொல்லு புள்ள" என்பேன். விடமாட்டாள். "நாளைக்குச் சொன்னா இன்னைக்கு உங்ககிட்ட இருக்காதுக்கா. இன்னைக்கே நான் போயிட்டா அந்த ஒரு நாள் பாப்பாவுக்கு இல்லாமயே போயிரும்." அப்புறம் பரீட்சை வைப்பாள். "எந்தப் பக்கம் படுத்தாத் தூங்குவா?" வலப்பக்கம், சுவரைப் பார்த்து. "இடி இடிச்சா?" பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போடவேண்டும். தப்பாகச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போலத் திரும்பச் சொல்லவைப்பாள்.

சொசைட்டியில் செத்துப்போகிற மாதிரி வீட்டிலும் செத்துப்போக ஆரம்பித்தாள். முதல் முறை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். பாப்பா அவள் முழங்காலைப் பிடித்து உலுக்குகிறது, முகத்தில் அடிக்கிறது, அம்மா அம்மா என்று தொண்டை கிழியக் கத்துகிறது. இவள் அசையவில்லை. நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். "நீ தாயா பேயா? உன்னையக் கட்டையில வைக்க!" என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் அசையவில்லை.

அடுத்த முறை பாப்பா அழவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைத் தாண்டி வந்து என் வாசலில் நின்றது. "பெரியம்மா, அம்மா இன்னைக்கு இல்ல." தோசை வேண்டும் என்றது. என்னைக் கேட்டால், முதல் முறையைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் பால் எடுக்கும்போதே உண்மையாகவே மயங்கி விழுந்தாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைப் பார்த்தது, நேராக என் வீட்டுக்கு வந்தது. காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தது. "அம்மா இல்லியா?" "ஆஸ்பத்திரியில இருக்கா கண்ணு." "சரி" என்றது. சாப்பிட்டது, வலப்பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்தது. மறுநாள் போனில் அவளிடம் இதைச் சொன்னேன். "அழலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஊசிகளும் மருந்துமாக மாதங்கள் ஓடின. முடியெல்லாம் கொட்டி, கரித்துண்டுபோல ஆகித் திரும்பி வந்தாள். நான் பாப்பாவின் துணிமணியையெல்லாம் மடித்துப் பையில் வைத்து, தலைவாரிப் பூவைத்துத் தயாராக நிறுத்தியிருந்தேன். அவள் என் வாசற்படியில் நின்று பையைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா இது?"

"உம்புள்ளையக் கூட்டிட்டுப் போ."

"வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பெத்த புள்ளைய வேண்டாம்ங்கறியா? மனுசியும் அந்த டப்பா மிஷினும் ஒண்ணா? எந்தச் சட்டத்தைக் கொண்டாந்து எங்க ஒட்டற நீ?"

"மெதுவாப் பேசுங்க, புள்ள கேக்கும்." படியில் உட்கார்ந்தாள், நிற்க முடியவில்லை. "எனக்கு முழுசா சரியாகலக்கா. டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப நான் முன்னால வந்தா அவ எங்கிட்ட மாறணும். மாறி முடிக்கதுக்குள்ள நான் போயிட்டா, மறுபடி உங்ககிட்ட மாறணும். ஒரு புள்ள எத்தன தடவக்கா மாறும்? நீங்க முன்னாலயே நில்லுங்க. நான் பின்னால நிக்கேன்." பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, நான் போன அன்னைக்குல இருந்து சொல்லுங்க. எல்லாத்தையும்" என்றாள்.

சொன்னேன். சொல்லிக்கொண்டே அழுதேன். "கீரை சாப்பிடுதாளா இப்ப? எப்பத்துல இருந்து?" என்று ஆச்சரியப்பட்டாள். கணக்கு டீச்சரிடம் பயம் போய்விட்டது என்றபோது, தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டமாதிரி ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப்பின் தினமும் வருவாள். என் சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவாள். பாப்பா வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி என்னிடம் வரும். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், கூப்பிட மாட்டாள். கையைமட்டும் மடியிலேயே இறுக்கி வைத்திருப்பாள்.

ஒரு காலை. அவள் வந்து உட்கார்ந்தது பாப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் என் சேலையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது. "பெரியம்மா, அம்மா இன்னைக்கு இருக்காங்களா?"

"ஏன் கண்ணு, அதோ இருக்காளே."

"இருக்காங்கன்னு தெரியும். இருக்காங்களான்னுதான் கேட்டேன்."

நான் ஆமாம் என்று சொன்னபிறகுதான் அவளிடம் போய்ச் சாய்ந்தது. அவளுக்குக் காதில் விழுந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றையிலிருந்து, சொசைட்டியிலும் சரி, வீட்டிலும் சரி, அவள் ஒரு நாள்கூடச் செத்துப்போகவில்லை. பாப்பா நம்பவில்லை. காலையில் எழுந்ததும் என்னிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் அம்மாவிடம் போகும். அவள் இருந்த கடைசி நாள்வரை அப்படித்தான்.

மாங்காய் லாரிகள் ஓடுகிற பருவத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். பாப்பாவிடம் நானே சொன்னேன். "நெசமாவா?" என்று ஒரே ஒரு கேள்விதான். நிஜம் என்றேன். சர்ச்சிலிருந்து அச்சன் வந்து ஜெபம் சொன்னார், கல்லறையில் வைத்து மண் போட்டார்கள். மண் போடும்போது பாப்பா முழுக்கப் பார்த்தது. பெண்களெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அது அவர்கள் தோள்வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கல் மனசு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவளைத் திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

வீடு திரும்பி, வந்தவர்களெல்லாம் போனபின் நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என்னென்னவோ சொல்லி அழுதேன். பாப்பா எதிரில் வந்து நின்றது. என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"பெரியம்மா, நீங்க இப்ப ஒத்தை ஆளு. உங்களுக்குப் பின்னாடி யாரு?"

"என்ன கண்ணு கேக்கற?"

"நீங்க இல்லாமப் போனா நான் யாருகிட்டப் போகணும்?"

"வேண்டாம் சாமி, இன்னைக்கு இதெல்லாம் கேக்காதே. வா, அழுதுரு கண்ணு. வாய்விட்டு அழு."

"மொதல்ல சொல்லுங்க" என்றது. உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தது. "அப்பறம் அழறேன்."

தத்தமங்கலத்தில் என் தங்கச்சி இருக்கிறாள் என்றேன்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். பாப்பா போய் என் கைப்பேசியை எடுத்துவந்து என் கையில் வைத்தது. நான் மூக்கைச் சிந்திவிட்டு எண்ணைப் போட்டேன். தங்கச்சி எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "என்றகிட்டக் கேக்கோணுமா அக்கா, எம்புள்ளையாட்டம் பாத்துக்க மாட்டனா?" என்றாள். பாப்பா கைப்பேசியோடு காதை ஒட்டி வைத்து அதைக் கேட்டது. "நான் என்ன சாப்பிடுவேன், எந்தப் பக்கம் படுத்தாத் தூங்குவேன், எல்லாம் நாளைக்குச் சொல்றேன்" என்று தங்கச்சியிடம் தானே சொல்லிவிட்டு போனை வைத்தது.

அப்புறம் என் மடியில் விழுந்து, அம்மா என்று அலறியது.